திறக்காமல் திரும்பிய பாராசூட்

சூரியனே உதிக்கும்முன் "ஐயா, பாதை காலியா?" என்று இவரிடம் கேட்டுக்கொள்ளும். கழுகுகள் ஓரமாக ஒதுங்கி சல்யூட் அடிக்கும். விமானத்திலிருந்து முந்நூறு தடவை குதித்தவர். முந்நூறு தடவையும் பயந்தது பூமிதான்.

விமானப்படை அதிகாரியின் ஓய்வு விழாவுக்கு அவருடைய அக்கா மகன் எழுதிய வரவேற்புரை இது. காலையில் அவன் ஒத்திகை பார்த்தபோது மாமா காபியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

அவர் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை.

பாராசூட் மடிக்கும் பிரிவுக்குப் புதிதாக வரும் அதிகாரி, கண்ணை மூடிக்கொண்டு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக் குதிக்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். மடித்தவர்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று காட்டத்தான். இளம் வயதில் இவரும் எடுத்தார், மாட்டினார், விமானக் கதவுவரை போனார். கீழே பார்த்தார். கால் வேர்விட்டுவிட்டது. விமானம் தரையிறங்கியதும் திறக்காத மூட்டையோடு ஏணியில் இறங்கி வந்தவரை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"மூட்டைல ஏதோ சரியில்லைன்னு தோணிச்சு."

பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனால் அதிகாரியே சந்தேகப்பட்ட ஆள் மடித்ததை எவன் முதுகில் கட்டிக்கொள்வான்? மடித்தவரைக் கிடங்கில் கூடாரத் துணி தைக்கப் போட்டார்கள். அதிகாரி பதவிமேல் பதவி ஏறினார். தோளில் புதுப் பட்டை ஏறும்போதெல்லாம் அந்தப் பொய்யும் கூடவே ஏறி உட்கார்ந்தது.

இன்று அந்த மடிப்புக்காரரே வீட்டில் நடக்கும் விழாவுக்கு வந்துவிட்டார். மாமா அவரைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உங்க மடிப்பு சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பயம். பழியைத் தூக்கி உங்க தலைல போட்டுட்டேன்."

"பிரிச்ச அன்னைக்கே தெரியும் சார். தெரிஞ்சவன்கிட்டயே சொல்லி என்ன பிரயோஜனம்? நம்ம பிரிவு ஆளுங்க வெளிய உக்காந்திருக்காங்க. முடிச்சு விழ மடிச்சவன்னு அன்னைக்கு வச்ச பேரு, இப்பகூட 'வாய்யா முடிச்சு'ன்னுதான் கூப்பிட்டாங்க."

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. கூடத்துக்குப் போகும் கதவுவரை நடந்தார். கால் மறுபடி அடம்பிடித்தது. குனிந்தபோதுதான் கதவுத் திரைக்குக் கீழே கால்விரல்கள் தெரிந்தன.

"டேய், எவ்வளவு நேரமா நிக்கிற?"

"இப்பத்தான் வந்தேன் மாமா."

"பொய். மூக்கை உறிஞ்சுற சத்தம் அப்பலேர்ந்தே கேக்குது."

திரை விலகியது. அக்கா மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

"தூசியாம்! நீ எழுதின பேச்சுப் பேப்பரை எடு. முந்நூறை அடிச்சிட்டு சைபர்னு போடு. போட்டியா? இப்போ முதுகுல கை வச்சு என்னை வெளிய தள்ளுடா."