மூக்கு பட்ட பூ

எண்பதுகளில் ஒரு வசந்தகாலக் காலை. சுவிஸில், சூக் ஏரிக்கரையில் நீந்திய அன்னம் ஆறு, தாரா வாத்து பதினேழு. ஒன்றிடமும் யாரும் விசா கேட்கவில்லை. எனக்கு முன்னால் வழியை மறித்துக்கொண்டு போன தாரா, ஒதுங்கச் சொன்னால் திரும்பி என்னைத்தான் அதட்டியது. ஊரில் கணக்குப் படிப்பித்தவனுக்கு இங்கே கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

என்னோடு வந்தவர் என் அறையில் இருந்தவர். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அன்று தலைநகர் பேர்னில் அவருக்கு அகதி விசாரணை. பிள்ளையார் படத்துக்குப் பூ வைக்காமல் ரயில் ஏறமாட்டேன் என்று நின்றார். கடைப்பூவை எத்தனை பேர் மூக்கில் வைத்து மணந்தார்களோ என்று சந்தேகம். ஆகவே சரிவில் குனிந்து மஞ்சள் காட்டுப்பூ பதினொன்று பறித்தார். நான் எண்ணினேன்.

அப்போது நாயோடு ஒரு சீமாட்டி வந்தாள். பூப் பறித்ததற்கு நாட்டை விட்டே துரத்தப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவளோ சிரித்தபடி அவர் கையைப் பிடித்து, பூக்கொத்தில் மூக்கைப் புதைத்து, ஆழமாக இழுத்து, "ஷோன், ஷோன்" என்று ஜெர்மன் மொழியில் அழகைப் பாராட்டிவிட்டுப் போனாள். பொலிஸைக் கூப்பிட்டிருந்தாலும் இவ்வளவு சேதம் வந்திராது.

"மணந்து போட்டாள் மாஸ்டர்! இனி இதைச் சாமிக்கு வைக்கேலுமோ?"

"நடுவிலை மூன்றைத்தான் மணந்தாள். மிச்சம் எட்டு இருக்கு."

"அந்த மூக்குக்கோ? பதினொன்றும் போச்சு."

மூக்கின் நீளத்தை நானும் பார்த்திருந்தேன்.

"பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்குத் தம்பி. மணந்ததைப் பெரிசா எடுக்கமாட்டார்."

"பகிடி விடாதேங்கோ. அவங்கள் என்னைத் திருப்பி அனுப்பினால் உங்கடை பகிடியோ காப்பாத்தும்?"

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னும் நின்றால் விசாரணையே தவறிவிடும்.

"நீர் ஸ்டேசனுக்கு ஓடும். நான் பறிச்சு வைக்கிறன்."

"விளக்கும் கொளுத்துவியளோ?"

"ஓம், ஓடும்."

சாமி நம்பிக்கை எனக்கு எப்போதும் குறைவு. முழங்கால் வலியோ நிறைய. அவர் போனபின் சரிவில் உட்கார்ந்து, உட்கார்ந்து நகர்ந்து, பதினொன்று பறித்தேன். மரத்திலிருந்து ஒரு கறுப்புப் பறவை பாட்டுப் பாடி வேடிக்கை பார்த்தது. பூக்களைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, எதிரே நாய் வந்தால் தெருவின் மறுபக்கம் மாறி, என் மூக்கையும் நம்பாமல் முகத்தை மற்றப்பக்கம் திருப்பியபடியே அறைவரை நடந்தேன்.