அப்பாவின் ஜீப் சூடேறிய காலாண்டு லீவு

எங்கள் அப்பாவின் ஜீப்பில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒன்று இருந்தது. அது அசைந்து நான் பார்த்ததே இல்லை. வேறு யாராக இருந்தாலும் முள் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுக்கு வந்திருப்பார்கள். அப்பாவோ, எஞ்சின் அவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். "பாத்தியாத்தா, போடிமெட்டு மலை ஏறுனாலும் முள்ளு அசையல" என்று என்னிடம் பெருமையடிப்பார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

ஏலக்காய் பறிப்புக் காலத்தில் விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குக் கிளம்பும். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு செட்டு. தினமும் அதே வண்டியில் ஏறி, அதே தோட்டத்தில் சேர்ந்து பறிக்கிற பெண்களுக்குத்தான் செட்டு என்று பேர். செட்டு இருக்கிறவரைதான் வண்டிக்காரருக்குப் பிழைப்பு. வண்டி நாலு நாள் நின்றால் செட்டு வேறு ஜீப்புக்குப் போய்விடும், போனது திரும்பி வராது. அப்பா பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, ஏச்சும் பேச்சும் வாங்கி, கடைசியில் சொந்தமாக வாங்கிய பழைய ஜீப் அது. அந்தச் செட்டைத் தெருத்தெருவாகப் போய்ச் சேர்த்தவள் அம்மா. அவளும் அதில் ஒருத்தியாகப் பறிக்கப் போனாள்.

நான் ஆறாவது படித்த வருடம் காலாண்டு லீவில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முன்சீட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே எனக்கு இடம். மாமா அம்மாவின் தம்பி. அதே தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அதற்கு முன்னால் கொஞ்ச நாள் பஸ்சில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கிழித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லா எஞ்சினுக்கும் வைத்தியம் சொல்வார்.

ஒருநாள் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டிப் பாதி மலை ஏறியிருப்போம். ஏதோ தீய்ந்த வாடை வந்தது. "பிரேக்கு வாடை மச்சான், ஒண்ணுமில்ல, போங்க" என்றார் மாமா. மலை ஏறுகிற வண்டியில் யார் பிரேக் பிடித்தார்கள் என்று அப்பாவாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு வளைவு தள்ளி முன்பக்கத்திலிருந்து ஆவி புசுபுசுவென்று கிளம்பி, பாதையே தெரியாமல் போன பிறகுதான் வண்டி நின்றது.

"கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னாள். யாருக்கு ஆறப் பொறுமை இருந்தது? நேரம் தப்பினால் தோட்டத்துக் கங்காணி கூலியை அரை நாளாக்கிவிடுவார் என்று செட்டு மொத்தமும் கத்தியது. மாமா பாறையோரம் விழும் ஓடையில் ஒரு கேன் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கையை வைத்தால் விறைத்துப்போகிற தண்ணீர். "வெரசா ஊத்துங்க மச்சான், சூடு சட்டுனு எறங்கிரும்." அப்பா துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, சீற்றம் அடங்கியதும் மொத்தத்தையும் கவிழ்த்தார். காய்ந்த வாணலியைத் தொட்டித் தண்ணீரில் போட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு உள்ளே எங்கேயோ 'டக்'கென்றது. அப்பாவின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அன்று பிடித்தது சனியன். பின்னால் வெள்ளைப் புகை ஓயவே இல்லை. ரேடியேட்டரில் காலையில் நிரப்பிய தண்ணீர் மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும், கீழே பார்த்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த மாமாவுக்கு அவல் கிடைத்தது. முதலில் டீசலில் கலப்படம் என்றார். அப்பா பங்க்கை மாற்றினார். அடுத்து ஃபேன் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறது என்றார். அப்பா அதையும் இறுக்கினார். கடைசியில் கண் பட்டுவிட்டது என்றார். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுச் செய்கிற மனிதரைப் பார்த்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வண்டியில் இழுவையே போய்விட்டது. கொண்டை ஊசி வளைவு வந்தால் நிறுத்திவிடுவார். செட்டுப் பெண்கள் தூக்குவாளியும் சாக்கும் கையுமாக இறங்கி, மூச்சு வாங்க வளைவை நடந்து ஏறி, மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஏறிப் போவதற்குத்தான் ஜீப். எங்கள் ஜீப்பில் ஏற்றம் வந்தால் இறங்க வேண்டும்! மற்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். "என்னண்ணே, ஜீப்புல நாங்க போறமா, ஜீப்ப நாங்க கூட்டிட்டுப் போறமா?" என்று ஒரு அக்கா கேட்டதற்கு அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

"ஒர்க்ஷாப்புல காட்டுனா என்னப்பா?" என்று கேட்டேன்.

"அவன் பாத்தா ஏதாச்சும் சொல்லத்தான் செய்வான்" என்றார். இது ஒரு பதிலா?

தோட்டத்துக்கு நாங்கள் தினமும் பிந்திப்போனோம். இன்னொரு தடவை நேரம் தப்பினால் செட்டையே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். பெண்கள் எல்லாரும் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள்.

மறுநாள் விடியலில் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் அம்மா எங்கள் வண்டியில் ஏறவில்லை. "நீங்க ஒர்க்ஷாப்புக்கு விடுங்க. நாங்க அந்த வண்டியில போறோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, எதிரே செட்டு இல்லாமல் நின்ற இன்னொருவர் ஜீப்பை நோக்கி நடந்தாள். செட்டு மொத்தமும் அவள் பின்னால் போனது. கட்டிய புருஷனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோடேயே இருப்பேன் என்று அடம்பிடித்து இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன். மாமாவும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு எங்களோடு வந்தார், வைத்தியர் இல்லாமல் எப்படி?

ஒர்க்ஷாப்காரர் எஞ்சினை ஆறவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ரேடியேட்டருக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஆயில் குச்சியை உருவினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் தண்ணீர் கலந்து, பால் விட்ட டீயாக வழிந்தது. "புது ஆயிலு, அதான் வெளுத்திருக்கு" என்றார் மாமா. ஒர்க்ஷாப்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி இறக்க மத்தியானமாகிவிட்டது. அதற்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே இருந்த கேஸ்கெட் தகடு கருகி விட்டுப்போயிருந்தது. ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திவைத்து என்னைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்துவிட்டதாம். கீழே பிளாக்கைத் துடைத்தால் அதில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

"அன்னைக்கே நிறுத்தி ஆற வச்சிருந்தா கேஸ்கெட்டோட போயிருக்கும்ணே. கொதிக்கக் கொதிக்கப் பச்சத் தண்ணிய ஊத்தி, அதுக்கப்பறமும் ஓட்டியிருக்கீக. பிளாக்கே போச்சு. இதுல இனி ஒண்ணும் செய்யிறதுக்கு இல்ல."

மாமா டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனார். அப்பா கீறலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "தெரியும்ப்பா. ரெண்டாம் நாளே ஆயிலு வெளுத்திருச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துகொண்டேவா அத்தனை பெண்களை மலையேறவிட்டார்? தெரிந்துகொண்டேவா எலுமிச்சம்பழம் நசுக்கினார்? வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அப்பா நடையை எட்டிப் போட்டார்.

ராத்திரிச் சோற்றின்போது அம்மாதான் ஆரம்பித்தாள். "அந்த வண்டிக்காரர்கிட்டப் பேசிட்டேன். செட்டு அவருக்கு வேணும்னா டிரைவரும் நம்மாளுதான்னு சொன்னேன். சரின்னுட்டாரு. நாளையிலேருந்து நீங்கதான் ஓட்டுறீக."

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "மறுபடியும் அடுத்தவன் வண்டியா" என்று மட்டும் கேட்டார். அம்மா ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் அந்த ஜீப்பை அப்பா ஓட்டினார். முதல் வளைவு வந்ததும் பின்னால் தடதடவென்று சத்தம். பெண்கள் பழக்கத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்க எழுந்துவிட்டார்கள். "உக்காருங்காத்தா, இது ஏறும்" என்றார் அப்பா. செட்டு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நினைத்ததைச் சாதித்துக்கொண்ட பிறகும் இவளுக்கு என்ன குறை என்று எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.