கறுக்காத உள்ளி

டெனிஷ் நகரமான கிரின்ஸ்டெட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக் கியர்ஸ்டன், ஓய்வுபெற்ற ஆசிரியை, புல்லில் முளைத்த காளானைக் குப்புறப் படுத்திருந்து படம் எடுப்பார். எங்களுக்குக் காளான் என்றால் கறிச்சட்டிதான் நினைவுக்கு வரும். இந்த நாட்டுத் தோட்டங்கள் சாகப்போகிற மாதத்தில்தான் சோடித்துக்கொண்டு நிற்கின்றன. மேப்பிள் இலை சிவக்கிறது, டேலியா செடி கொள்ளாமல் பூக்கிறது, ஈரத்தில் விதம் விதமாகக் காளான் கிளம்புகிறது. உறைபனி ஒரு தரம் விழுந்தால் எல்லாம் கறுத்துச் சரிந்துவிடும். அந்த அழகைப் பார்க்க எனக்கு எப்போதும் பயமாயிருக்கும். இந்த வருடம் கூடுதலாகப் பயந்தேன்.

வைகாசியில் ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். என் கணவரின் தம்பி ரவி முல்லைத்தீவில் நின்றவன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இவர் தொழிற்சாலைக்குப் போவார், வருவார், தொலைபேசியைப் பார்த்தபடி சோற்றை அளைவார். நான் இவருடைய நலத்துக்காகக் கேதாரகௌரி விரதம் பிடித்திருந்தேன்.

ஒரு பின்னேரம் வேலியோரத்து ஓக் மரத்தின் கீழ், வெளிர்பச்சைக் குடை விரித்து நின்ற காளான்களை இவர் கண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் முகம் மலர்ந்தது.

"இஞ்சை பாருமப்பா, மழை விட்ட கையோட நானும் ரவியும் பத்தைக்குள்ள பிடுங்கிற காளான் மாதிரியே கிடக்கு."

"தெரியாத சாமான், விடுங்கோ."

"கியர்ஸ்டன் வடிவாயிருக்கெண்டு படம் எடுத்தவ. நஞ்செண்டால் ஆரும் படம் எடுப்பினமே?"

ஊரில் செய்வதுபோல் உள்ளிப்பூண்டுப் பல்லும் மஞ்சள் துண்டும் போட்டு அவித்துப் பார்த்தோம். உள்ளி கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் கறி. கறுக்கவில்லை. தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். விரதத்துக்குக் காளான் ஆகாதென்று நான் தொடவில்லை. இவர் திரும்பவும் போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார்.

விடிய வயிற்றாலும் வாயாலும் போகத் தொடங்கியது. ஓடிப்போய்க் கியர்ஸ்டனிடம் சொன்னேன். மரத்தடியில் பிடுங்கிய இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சாப்பிட்டீர்களா?" என்று டெனிஷில் கேட்டார். "அது பார்ப்பதற்கல்லவா!"

அம்புலன்ஸுக்குப் போன் அடித்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் வயிறு அடங்கிற்று. இவர் எழும்பி இருந்து பிளேன்ரீ குடிக்கக் கேட்டார். "எல்லாம் முடிஞ்சுதப்பா, சுகமாயிட்டுது, வீட்டை போவம்." எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டார். இந்த நஞ்சு இப்படித்தான், சுகம்போலக் காட்டிவிட்டு உள்ளே ஈரலைத் தின்னும், எந்த உள்ளியும் அதைக் காட்டிக்கொடுக்காது, இனி வரும் நாட்கள்தான் பயம் என்றார். யாருக்காக விரதம் இருந்தேனோ, அவருக்கு என் கையாலேயே ஆக்கிப் போட்டேன். முடிந்துவிட்டது என்ற சொல்லை நம்பி இந்த வருடம் நாங்கள் ஏமாந்தது இது இரண்டாம் தரம். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போது கைத்தொலைபேசி அடித்தது. ஊர் இலக்கம்.

"அண்ணி, நான் ரவி."

"எங்கையடா நிக்கிறாய்? எப்பிடி இருக்கிறாய்?"

"ஆமியின்ர முகாமில. நல்லா இருக்கிறன் அண்ணி. சாப்பாடு, தண்ணி எல்லாம் தருகினம்." பக்கத்தில் நிற்கும் யாரோ கேட்பதற்காகச் சொல்லும் குரல் அது. "அண்ணை எப்பிடி?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இவர், ஆர் என்று கையால் கேட்டார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

"நல்லா இருக்கிறார்," என்றேன்.

உள்ளே போய்த் தொலைபேசியை இவர் காதில் வைத்தேன். அண்ணனும் தம்பியும் "நல்லா இருக்கிறன், நல்லா இருக்கிறன்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். இவருடைய கையை நான் பிடித்திருந்தேன். எந்தப் பக்கத்துப் பொய் முதலில் வெளிப்படும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.