வெண்ணெய் எடுத்த மோர்

பேரப்பிள்ளைகளே, இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்தின் கீழ் காணி எடுத்து நெல் விதைத்துக்கொண்டிருந்த காலம். என் மூத்த மகளுக்கு அப்போதுதான் பால்பல் விழத் தொடங்கியிருந்தது.

ஒரு மார்கழி விடியல். குளமும் வானமும் ஒரே வெள்ளையாய்க் கிடந்தன. கொக்குகள் தண்ணீரில் நிற்கின்றனவா, பனியில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை. குளக்கட்டில் நடந்துகொண்டிருந்த என் நெஞ்சின் மேல் யாரோ ஈரச் சாக்கை வைத்து மெல்ல அழுத்துவது போலிருந்தது. உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அது போய்விட்டது. எழுந்து நடந்தபோது கனவு கண்டது போலத்தான் இருந்தது.

பிறகு அடிக்கடி வந்தது. நான் மெலிந்த ஆள். பலவீனம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சுகமில்லாதவனைச் சாப்பாட்டால்தான் தேற்றுவார்கள். அடுத்த காணிக்காரர் எருமைகள் வைத்திருந்தார். நான் அண்ணை என்று கூப்பிடும் அவர், கத்தியால் வெட்டலாம் போலிருக்கும் தயிரை நாள்தோறும் மண் முட்டியில் கொண்டுவந்தார். நெய்யும் மான் வற்றலும்கூட வந்தன. நானும் ருசித்துச் சாப்பிட்டேன். நெஞ்சின் இறுக்கமோ கூடிக்கொண்டே போனது.

கடைசியில் மனைவி என்னை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்குத்தர் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். வாய்க்காலில் வண்டல் படிவது போல, இரத்தத்தில் கூடிய கொழுப்பு இருதயத்துக்குப் போகும் குழாய்களில் படியுமாம். மெலிந்தவனுக்கும் அது வருமாம். முற்றாக அடைத்தால் உயிர் போய்விடுமாம். நெய், எருமைத் தயிர், இறைச்சி, சுருட்டு எல்லாவற்றையும் விடச் சொன்னார். தேங்காய்ப்பாலைக் குறைத்து, மீனும் கீரையும் சாப்பிட்டு, நாள்தோறும் மெல்ல நடக்கவேண்டும். நோவு இல்லாத நாளிலும் இதைக் கைவிடக்கூடாது என்றார். இறுக்கம் வந்தால் நாக்கின் கீழ் வைக்கச் சிறு குளிசையும் தந்தார்.

வீட்டுக்கு வந்தால், அண்ணை தயிர்முட்டியோடு காத்திருந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். அன்போடு கொண்டுவந்ததை எப்படித் தள்ளுவது? மகள் என் மடியில் சாய்ந்து, விழுந்த பல்லின் இடைவெளியால் சீட்டியடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலெடுத்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அண்ணை, எனக்குக் கொழுப்புக் கூடிப்போச்செண்டு டொக்குத்தர் சொல்லுறார்.”

“அதை வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடிக்கேக்கையே நான் உமக்குச் சொன்னனான். அதுக்கேன் கொழும்புக்கு இரத்தம் அனுப்பினவை?”

மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. டொக்குத்தர் சொன்னதை முழுதாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் நானோ உமக்கு நஞ்சு தந்தனான்?”

இல்லை அண்ணை, தெரியாமல் தந்தீர்கள், தெரியாமல் சாப்பிட்டேன் என்றேன். முட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சில நாள் எங்கள் வேலிப் படலையைத் திறக்கவேயில்லை. உயிரைக் காப்பாற்றப் போய் அவரை இழந்துவிட்டேனோ என்று மனம் கிடந்து தவித்தது.

ஒரு காலை, பனி கலையுமுன் படலை திறந்தது. அண்ணை கையில் ஒரு செம்பு. வெண்ணெயை ஒரு பொட்டுமில்லாமல் கடைந்தெடுத்த மோர், தண்ணீர் போல, இஞ்சி மணத்தோடு.

“குடியும். குடிச்சிட்டு வாரும், நடப்பம். ஓடாதையும், எனக்கும் மூச்சு வாங்குது.”

அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளைக் குளத்தோரம் இருவரும் மெல்ல மெல்ல நடந்தோம். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார்: “இவருக்கு வாயில கொழுப்பு இருக்கட்டும், இரத்தத்திலதான் கூடாது.”

நெஞ்சின் இறுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. என் பிள்ளைகள் தகப்பனோடு வளர்ந்தார்கள். இன்றும் நான் இருந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன் என்றால், அதற்கு டொக்குத்தரின் சொல்லோடு, அந்த மனிதர் எனக்குத் தராமல் எடுத்துவைத்த வெண்ணெயும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.