திங்கட்கிழமை ஒட்டாத ரப்பர்

சென்ற சனிக்கிழமை, ஒரகடம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது எப்படி, அதை மேடையில் சொல்வது எப்படி என்று ஒருநாள் பயிலரங்கம். வாரா வாரம் உங்களிடம் ஊர்க்கதை பேசுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? என் மனைவியும் அதைத்தான் கேட்டார்.

காலையில் அறுபது ஸ்லைடு போட்டு, ‘சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று இரண்டு மணி நேரம் பேசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை... நல்ல பிள்ளைகள்.

மதியம் அவர்கள் முறை. ஆளுக்குப் பத்து நிமிடம். முதலில் வந்தவர் ஜெயந்தி. சேரப்பணஞ்சேரிக்காரர். வல்லம் வடகாலில், கார் கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை — பீடிங் — ஒட்டுகிற கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. பகுதி நேரமாகப் பிஎச்.டி. அன்றைக்கும் பாதி ஷிப்ட் பார்த்துவிட்டு, பர்மிஷன் போட்டு, யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

முன்வரிசையில் அவருடைய கைடு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். ‘தெளிவாக இல்லை’ என்று ஏற்கெனவே இரண்டு முறை திருப்பிவிட்டாராம். இந்த முறையும் போச்சென்றால் படிப்பையே விட்டுவிடப் போவதாக, சாப்பாட்டு நேரத்தில் ஜெயந்தி என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆரம்பித்தார். உலக வாகனத் தொழில் வரலாறு. இந்திய வாகனத் தொழில் வரலாறு. ரப்பரின் வரலாறு... பெல் அடித்தபோது ரப்பர் மரத்தில் இன்னும் பால்கூட இறங்கவில்லை. கைடு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தப் பெண் கண்டுபிடித்ததுதான் என்ன?

அந்த நேரம் பார்த்து ஜெயந்தியின் போன் அதிர்ந்தது. அடுத்த ஷிப்ட்காரர். உற்பத்தி லைனில் இருக்கும் கோளாறை வருகிறவரிடம் சொல்லி ஒப்படைக்காமல் ஷிப்ட் மாறக்கூடாது — அங்கே அது சட்டம். “ஒரு நிமிஷம் சார்” என்று வாசலுக்கு ஓடினார். பேசியது உள்ளே நன்றாகவே கேட்டது.

“அண்ணே, நாலாவது ஸ்டேஷன்ல பீடிங் லேசா தூக்கிக்கினு கீது. பத்து மணிலேர்ந்து. ரோலர் தேஞ்சி போச்சி. ஸ்பேர் கேட்டுகீறேன். வர்ற வரைக்கும் கையால ஒரு வாட்டி அழுத்திட்டு அனுப்புங்க.”

அரை நிமிடம் இருக்குமா? என்னை அந்த லைனில் நிறுத்தியிருந்தால் நானே சமாளித்திருப்பேன் — அவ்வளவு தெளிவு.

திரும்பி வந்தவரிடம் கைடு சொன்னார்: “இப்ப போன்ல சொன்ன மாதிரியே உன் ஆராய்ச்சியைச் சொல்லும்மா. நான்தான் அடுத்த ஷிப்ட்.”

ஜெயந்தி ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை காலைல ஒட்டுற பீடிங்தான் சார் பிரிஞ்சிக்கினு வருது. லீவு முடிஞ்சி வந்து தூங்கி வழியறீங்கன்னு எங்க ஆளுங்களைத் திட்டுவாங்க. ஆளுங்க மேல தப்பு இல்ல சார். ஞாயித்துக்கிழமை ஸ்டோர்ல ஏசிய நிறுத்திடறாங்க. பீடிங்க ஒட்டுற டேப்பு ஈரம் வாங்கிக்குது. ஆறு மாசம் ஏசிய ஓடவுட்டுப் பாத்தேன். திங்கக்கிழமையும் மத்த நாள் மாதிரியே ஒட்டுது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் என்ன? தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கிய ஒரு லைனே அந்த ஐந்தாறு வரியில் நிமிர்ந்து நின்றது.

இதை ஏன் மூன்று வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்டார் கைடு.

“அறிமுகம்தான் மொதல்ல வரணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

நானும் காலையில் அதையேதான் சொல்லியிருந்தேன். ஆறாவது ஸ்லைடு.

நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை மேடையேற்றி, ‘முறையாகப் பேசு’ என்று சொல்லியே கெடுத்துவிடுகிறோமோ?

கைடு அங்கேயே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, “நம்ம ரெண்டு பேரையும் ஒரு வாரம் லைன்ல நிக்க வைக்கணும் சார்” என்றார்.

நான் ரெடி. திங்கட்கிழமை காலை ஷிப்ட் மட்டும் வேண்டாம்!