அம்மாவின் கழுத்துச் சுளுக்கு

நான் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் எல்லாருக்கும் நம்பிக்கை. எட்டு வயதிலேயே எனக்கு வைத்தியர் மரியாதை. பெரிய பெரிய ஆட்கள் என் முன்னால் குப்புறப் படுப்பார்கள். முருகா என்று சொல்லி இடுப்பில் நீவுவேன். எழுந்ததும் பிஸ்கட் கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குக் கழுத்து வலி. விழவில்லை, பாரம் எதுவும் தூக்கவில்லை. இடது பக்கம் காது வரைக்கும் இழுக்கிறது என்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, பாய் விரித்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"வூட்லயே டாக்டர் கீது, இன்னாத்துக்கு அழுவுற?" என்று அம்மாவைக் கேலி செய்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வாடி, கழுத்துல நல்லா அழுத்தி நீவு."

பெற்றவள் கழுத்தில் கால் வைத்தால் சாமி சும்மா விடுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். குனிந்தபோது அம்மாவின் முகம் தெரிந்தது. இடது இமை மட்டும் பாதி இறங்கிக் கிடந்தது.

"அப்பா! அம்மாக்கு ஒரு கண்ணு மூடுது!"

"பயந்தாங்கொள்ளி, அவ சரியா தூங்கல, அதான்" என்றாள் பெரியம்மா. அப்பா வந்து பார்த்தார். உடனே ஆட்டோ கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். "மூளைக்குப் போற ரத்தக்குழாய், கழுத்துல உள்சுவர் கிழிஞ்சிருக்கு. இமை இறங்கினதும் அதனாலதான்" என்றார் டாக்டரம்மா. "அடிபடாமலே சிலருக்கு இப்படி ஆகும். அங்க ரத்தம் கட்டி மேல போனா பக்கவாதம் வந்துடும். கழுத்தை யாராவது அமுக்கினீங்களா?"

"இல்ல டாக்டர், கொழந்த கால வைக்கவே இல்ல" என்றாள் பெரியம்மா.

"காலா?"

பெரியம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கிழிஞ்சத தைக்க மாட்டீங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"பெரும்பாலும் தானாவே ஆறிடும்மா. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுப்போம். சில மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். அதுவரைக்கும் அந்தக் கழுத்தை யாரும் தொடக்கூடாது."

தைக்காத கிழிசல் எப்படி ஒட்டும்? கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் அந்தக் கண்ணையே பார்த்தபடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முருகன் கைவிடவில்லை. அம்மா வீடு திரும்பினாள். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. செய்கிற வேலையை நிறுத்தி, காலை மாற்றி வைத்து, மெல்ல முழு உடம்போடு திரும்புவாள். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். தலையைத் திருப்ப அவளுக்கு எவ்வளவு பயம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.