கேபினெட்டில் விழுந்த உதை

மைசூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்துக் கம்பெனிக்கு பில் போட்டுக்கொடுப்பவள் நாகவேணி. அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதுமே, சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருப்பதாக எச்சரிக்கை வந்தது. ஸ்கேன் போட்டுப் பார்த்தாள். சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. ரிப்பேர் கடைக்கு போன் செய்தாள்.

"டிஸ்க் அடி வாங்கியிருக்கும் மேடம். கம்ப்யூட்டர் எங்கேயாவது விழுந்துச்சா?" என்றார் கடைக்காரர்.

விழவில்லை. முந்தின நாள் சாம்பாரில் உப்பில்லை என்று அவளை உதைத்த கணவன் மாதேசன், அவள் விலகிக்கொண்டதும் அடுத்த உதையை, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் கேபினெட்டில் இறக்கியிருந்தான். கடைக்காரரிடம் அதைச் சொன்னாள்.

"யாருகிட்டடி என்னைப் பத்திச் சொல்றே?"

பின்னாலிருந்து வந்த மாதேசன் அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. மறுபடி மோதத் தலையைத் தூக்கியபோது அவள் கைக்குக் கீபோர்டு அகப்பட்டது. திரும்பி அவன் மூக்கில் ஓங்கி அறைந்தாள். அதன் பட்டன்கள் தெறித்தன. அவன் சரிந்து உட்கார்ந்த பிறகும் அடித்தாள். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவன் தன் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும்தான் அவள் கீபோர்டைக் கீழே போட்டாள்.

போனில் கடைக்காரர் "ஏனாய்து மேடம், என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டிருந்தார்.

"போலீஸைக் கூப்பிடுங்கண்ணா," என்று விலாசத்தைச் சொன்னவள், கதவை வெளியே தாழ்போட்டுவிட்டுத் தெருவில் நின்றாள்.

ஜீப்பில் வந்த ஏட்டு, கதவைத் திறக்கச் சொல்லி, இருவர் மேலும் இருந்த ரத்தத்தைப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்டார்.

"ரெண்டு பேருந்தானுங்க," என்றாள் நாகவேணி. "இன்னிக்குத்தான் நான் அடிச்சேன்."

அவர் மாதேசனை ஜீப்பில் ஏறச் சொன்னார்.